ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் தொடங்கிய ஊர்வலம்

1978 ஜூன் 24, இரவு பத்து மணி. ஆஸ்திரேலியாவில் அது குளிர்காலம். சிட்னியின் டெய்லர் சதுக்கத்தில், ஒலிபெருக்கி கட்டிய லாரி ஒன்றின் பின்னால் தன்பாலீர்ப்பாளர்கள் சில நூறு பேர் திரண்டார்கள். பலர் வேடமணிந்து வந்திருந்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டு தெருவின் மதுக்கூடங்களுக்குள் இருந்தவர்களையும் தெருவுக்கு வரச்சொல்லிக் கூவியபடி ஆடிப்பாடிப் போனார்கள், கூட்டம் பெருகியது. ஊர்வலத்துக்கு அனுமதி இருந்தது. ஆனாலும் ஹைட் பார்க் பக்கம் காவலர்கள் லாரியைப் பறித்துக்கொண்டார்கள். கலைந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை, கிங்ஸ் கிராஸ் நோக்கித் திரும்பினார்கள். அங்கே அடிதடி. 53 பேர் கைது.

வாங்கிய அடியைவிடக் கொடுமையானது அடுத்து வந்த செய்தி. கைதானவர்களின் பெயர், முகவரி, தொழில் அனைத்தையும் ‘சிட்னி மார்னிங் ஹெரால்டு’ நாளிதழ் அச்சிட்டது. ஆண்களுக்கிடையிலான உறவே நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் குற்றமாக இருந்த காலம். வீட்டிலும் அலுவலகத்திலும் மறைத்து வாழ்ந்தவர்கள் ஊரறிய நிறுத்தப்பட்டார்கள். சிலருக்கு வேலை போனது. பெரும்பாலான வழக்குகள் பின்னர் கைவிடப்பட்டன. போன வேலையை யார் திருப்பித் தருவது?

ஊர்வலம் நிற்கவில்லை, ஆண்டுதோறும் நடக்கும் விழாவாக வளர்ந்தது. கைதுக்குப் பயன்பட்ட சட்டம் 1979இல் நீக்கப்பட்டது. அந்த ஆண்டு சுமார் 3,000 பேர் நடந்தார்கள், ஒருவர்கூடக் கைதாகவில்லை. 1981இல் விழாவைக் கோடைக்கு மாற்றினார்கள். 1984இல் ஆண்களின் உறவு குற்றமில்லை என்றானது. அதையடுத்து எய்ட்ஸ் பீதி பரவியபோது, விழாவையே நிறுத்தச் சொன்னவர்கள் உண்டு. அமைப்பாளர்கள் பணியவில்லை. நோயாளிகளை ஊர் ஒதுக்கிய அந்த ஆண்டுகளில் தெருவில் நின்றதுதான் இந்த விழாவின் மிகப்பெரிய துணிச்சல்.

மன்னிப்புக்கு மட்டும் பல்லாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 2016இல் அந்த நாளிதழும் மாநில நாடாளுமன்றமும் மன்னிப்புக் கேட்டன. காவல்துறை ஆணையர் 2018இல் கேட்டார். அதற்குள் கைதானவர்களில் சிலர் இறந்துபோயிருந்தார்கள்.

2023இல் தன்பாலீர்ப்பாளர்களின் உலகப் பெருமித விழா சிட்னிக்கு வந்தது. அப்போது, பதவியில் இருக்கும்போதே ஆக்ஸ்ஃபோர்டு தெரு ஊர்வலத்தில் நடந்த முதல் ஆஸ்திரேலியப் பிரதமரானார் அந்தோணி அல்பனீஸ். நிறைவு நாளில் ஹார்பர் பாலத்தை அடைத்துவிட்டு 50,000 பேர் நடந்தார்கள்.

1998 முதல் காவலர்களும் சீருடையோடு இந்த ஊர்வலத்தில் நடந்துவந்தார்கள். 2024 ஊர்வலத்துக்குச் சில நாட்கள் முன்பு, தன்பாலீர்ப்பு இணையர் இருவரைக் கொன்றதாகப் பணியிலிருந்த காவலர் ஒருவர்மீது வழக்குப் பதிவானது. இந்த முறை வரவேண்டாம் என்று காவல்துறையிடம் முதலில் சொன்ன அமைப்பாளர்கள், பேச்சுவார்த்தைக்குப் பிறகு, சீருடை இல்லாமல் வரச் சம்மதித்தார்கள்.