ஜீப்பின் அடியில் நாலு கிராஸ்

கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஜீப்புகள் ஏறுகின்றன. அதைப் பாதை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். முழுக்கப் பாறையும் பள்ளமும். பயணிகளின் கண் சூரிய உதயத்தைத் தேடிக்கொண்டிருக்க, அனுபவப்பட்ட ஓட்டுநரின் காது வண்டிக்கு அடியிலேயே கிடக்கும். முன் கியரிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போது அடியில் 'டங்' என்று ஒரு சத்தம் வந்தால் போதும், "கிராஸ் போச்சு" என்பார்.

பட்டறையில் கிராஸ் என்றும் யுஜே கிராஸ் என்றும் சொல்லப்படுவது யுனிவர்சல் ஜாயின்ட். பழைய நாலு சக்கர இழுவை ஜீப்பில் இன்ஜினின் சுழற்சி கியர்பாக்ஸைத் தாண்டி டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு வந்து, அங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒரு ஷாஃப்ட் பின் சக்கரங்களின் அச்சைத் தாங்கும் பின் ஹவுசிங்குக்குப் போகிறது, இன்னொன்று முன் ஹவுசிங்குக்கு. கியர்பாக்ஸ் சேசிஸோடு நிற்கும். ஹவுசிங்கோ ஸ்பிரிங் பட்டையோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும். ஆடுகிற ஒன்றையும் நிற்கிற ஒன்றையும் நேரான இரும்புக் குழாயால் இணைக்க வேண்டுமென்றால், குழாயின் இரு நுனியும் வளைந்துகொடுத்தாக வேண்டும். ஷாஃப்டுக்கு இரண்டு வீதம் நாலு கிராஸ் அந்த வேலையைப் பார்க்கின்றன.

அமைப்பு எளிது. எதிரெதிரே கவட்டை போன்ற இரண்டு யோக்குகள், நடுவில் கூட்டல் குறி வடிவில் ஓர் எஃகுத் துண்டு. அதன் நாலு கையிலும் ஆளுக்கொரு கப். கப்புக்குள் ஊசி ஊசியாக உருளைகள், அவற்றைச் சுற்றிக் கிரீஸ், வாயில் ஒரு சீல். கப் வெளியே வந்துவிடாமல் சர்க்ளிப் பிடித்துக்கொள்ளும்.

இந்த மூட்டு மோட்டார் வண்டியைவிட இருநூறு ஆண்டுக்கு மேல் மூத்தது. இத்தாலியின் கார்டானோ பெயரை ஐரோப்பா இதற்கு வைத்திருந்தாலும், சுழற்சியைக் கடத்தும் கருவியாக இதை விளக்கி எழுதியவர் லண்டனின் ராபர்ட் ஹூக். ஸ்பிரிங் இழுவிசை விதியின் அதே ஹூக்தான். வானியல் கருவிகளைத் தள்ளி நின்று திருப்ப அவருக்கு இது தேவைப்பட்டது. 1676-ல் வெளியான நூலில் இதன் ஒரு வினோத குணத்தையும் அவர் பயன்படுத்திக் காட்டினார்: ஒரு பக்கம் சீராகச் சுற்றினாலும் மறுபக்கம் சீராகச் சுற்றாது. சூரியக் கடிகாரத்தின் தட்டில் நிழல் மணிக்கு மணி ஒரே அளவு நகராது அல்லவா? அந்த ஏற்ற இறக்கமும் இந்த மூட்டின் ஏற்ற இறக்கமும் ஒரே கணக்குக்குள் அடங்குகின்றன. ஹூக்குக்கு அது வரம். வண்டிக்கு அதுவே வில்லங்கம்.

எவ்வளவு வில்லங்கம் என்பதைக் கோணம் தீர்மானிக்கிறது. மூட்டு 10 டிகிரி வளைந்திருந்தால் வெளியேறும் வேகம் ஒன்றரை சதவீதம் கூடிக் குறையும். 20 டிகிரியில் அது 6 சதவீதம், 30 டிகிரியில் 15 சதவீதத்தையும் தாண்டும். ஒரே சுற்றுக்குள் இரண்டு முறை கூடி இரண்டு முறை குறையும். இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பையே எடுத்துக்கொள்வோம். அதன் ஹவுசிங் விகிதம் 4.88, அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஷாஃப்ட் 4.88 சுற்றுச் சுற்றும். மணிக்கு 60 கிலோமீட்டரில் அதன் ஷாஃப்ட் நிமிடத்துக்குச் சுமார் 2,100 சுற்று சுற்றும். அப்படியானால் நொடிக்கு எழுபது உதறல்.

இதை ஒழிக்க முடியாது. ஒன்றை வைத்து இன்னொன்றைச் சரிக்கட்டலாம். ஷாஃப்டின் மறுமுனையிலும் ஒரு கிராஸைப் போட்டு, இரண்டு கோணமும் சமமாக இருக்கும்படி பார்த்து, குழாயின் இரு நுனி யோக்குகளையும் ஒரே தளத்தில் நிறுத்தினால், முதல் மூட்டு கூட்டியதை இரண்டாவது கழித்துவிடும். ஷாஃப்ட் நடுவில் உதறினாலும் ஹவுசிங்குக்குச் சீரான சுழற்சிதான் போய்ச் சேரும். கணக்கு இவ்வளவு நுணுக்கமாக இருப்பதால்தான் ஷாஃப்டைக் கழற்றுவதில் அவசரம் கூடாது. நீளம் கூடிக் குறைய வழிவிடும் ஸ்லிப் யோக்கை உருவிவிட்டு ஒரு பல் தள்ளிச் செருகினாலும் இரு நுனியும் தளம் மாறிவிடும். புதுக் கிராஸ் போட்டும் அதிர்வு போகவில்லை என்று வரும் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. கழற்றும் முன் சொட்டு பெயின்டால் ஒரு கோடு போட்டிருந்தால் அந்தத் தலைவலியே இல்லை.

ஷாஃப்ட் சுற்றுகிறது என்பதால் கிராஸின் உருளைகளும் சுற்றிக்கொண்டே இருக்கும் என்று தோன்றும். உண்மையில் அவை முன்னும் பின்னும் ஆடுகின்றன, அவ்வளவுதான். மூட்டு 5 டிகிரி வளைந்திருந்தால் கப் இந்தப் பக்கம் 5, அந்தப் பக்கம் 5 டிகிரி திரும்பும். கிராஸின் கை 16 மில்லிமீட்டர் கனம் என்றால், அதன் பரப்பில் மொத்த நகர்வு ஒன்றரை மில்லிமீட்டருக்கும் கீழே. ஆக, ஒவ்வொரு ஊசியும் ஆயுள் முழுக்க ஒரே இடத்தைத்தான் தேய்க்கிறது. கோணமே இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசம்: ஊசி அசையாமல் ஒரே கோட்டில் அழுத்தி, எஃகில் பள்ளம் பதித்துவிடும். அதனால்தான் ஷாஃப்டைச் சிறு கோணத்திலாவது வைக்கச் சொல்கிறார்கள் தயாரிப்பாளர்கள். அதிகம் வளைந்தாலும் கேடு, வளையாவிட்டாலும் கேடு.

சுமையும் லேசானதல்ல. வில்லிஸ் இன்ஜினின் உச்ச முறுக்குவிசை சுமார் 142 நியூட்டன் மீட்டர். முதல் கியர் அதை 2.665 மடங்காக்கும், டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ அதன்மேல் 1.97 மடங்காக்கும்; ஷாஃப்டுக்கு வருவது ஏறக்குறைய 745. முன் சக்கரங்கள் பிடிப்பை இழக்கும் கணத்தில் கிட்டத்தட்ட முழுச் சுமையும் பின் ஷாஃப்டில் விழும். எதிரெதிர்க் கப்புகளுக்கு இடையே 6 சென்டிமீட்டர் என்று கொண்டால், ஒவ்வொரு கப்பும் ஒரு டன்னுக்கு மேல் தாங்குகிறது.

இந்த ஊசிகளுக்கும் எஃகுக்கும் நடுவே நிற்பது கிரீஸ் மட்டும்தான். அது காய்ந்தாலோ, ஓடையில் இறங்கி ஏறியபோது சீல் வழியே தண்ணீர் புகுந்தாலோ, உலோகத்தோடு உலோகம் உரசி உதிரும் தூள் துருப்பிடித்துக் கப்பின் விளிம்பில் செம்பழுப்பாகப் படியும். மெதுவாக உருளும்போது சக்கர வேகத்துக்கு ஏற்ப 'கீச் கீச்' என்று கத்தும். 'டங்' என்பது கடைசிக் கட்டம். அதற்கு முன்பே வண்டியை நிறுத்தி, டயருக்குக் கட்டை போட்டு, ஷாஃப்டைக் கையால் பிடித்து முறுக்கிப் பார்த்தால் ஆட்டம் தெரிந்துவிடும். நல்ல கிராஸில் துளியும் ஆட்டம் இருக்காது.

கிரீஸ் நிப்பிள் உள்ள கிராஸுக்கு லித்தியம் கிரீஸ், என்.எல்.ஜி.ஐ. 2 தரம், கனத்த அழுத்தம் தாங்குவது பொதுவாகப் பொருந்தும். எத்தனை அடிப்பது? நாலு சீலிலும் பழைய கிரீஸ் பிதுங்கி, புதியது எட்டிப்பார்க்கும் வரை. மூன்றில் வந்து ஒன்றில் வரவில்லையென்றால் அந்தக் கை பட்டினி கிடக்கிறது. ஷாஃப்டை அசைத்து மறுபடி அடிக்க வேண்டும். நிப்பிளே இல்லாத சீல் வைத்த கிராஸும் கிடைக்கிறது. கிரீஸுக்காகத் துளை போடாததால் அதன் உடல் கெட்டி. தார்ச்சாலை வண்டிக்கு அது போதும். சேற்றிலும் தண்ணீரிலும் இறங்கும் வண்டிக்கு நான் நிப்பிள் வைத்ததையே சொல்வேன், கிரீஸ் கன்னை எடுக்கும் பழக்கம் உரிமையாளருக்கு இருந்தால்.

மாற்றும் வேலையில் முதல் ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. பழைய வில்லிஸ் ஜீப்பின் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறம் இருக்கிறது. பின் ஷாஃப்டைக் கழற்றிய நொடியில் அந்த பிரேக்குக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். சரிவில் நிற்கும் வண்டிக்கு அடியில் படுத்திருப்பவர் இதை அறிந்திருக்க வேண்டும்.

மற்றது பொறுமை. சர்க்ளிப்பை எடுத்த பின், கப்பைவிடச் சிறிய சாக்கெட்டை ஒரு பக்கமும், கப் உள்ளே நுழையும் அளவு பெரிய சாக்கெட்டை மறுபக்கமும் வைத்து, வைஸில் மெல்ல இறுக்கினால் பழைய கப் வெளியே வரும். சுத்தியலால் அடித்தும் எடுக்கலாம். ஆனால் யோக்கின் காது வளைந்தால் புதுக் கிராஸும் சில நாளில் போய்விடும். புதிய கப்பை ஏற்றும்போது ஊசிகளைக் கிரீஸ்தான் நிற்கவைக்கிறது. ஒரு ஊசி சரிந்து அடியில் படுத்துவிட்டால் கப் முழுதாக இறங்காது, சர்க்ளிப்பின் பள்ளம் கண்ணில் படாது. அந்த இடத்தில் பலம் காட்டினால் கிராஸ் அங்கேயே செத்தது. கழற்றி, ஊசியை நிமிர்த்தி, மறுபடி ஏற்ற வேண்டும். எல்லாம் முடிந்த பின் மூட்டு இரு திசையிலும் வழுக்கிக்கொண்டு திரும்பவில்லையென்றால், யோக்கின் காதில் மென்மையான சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் இறுக்கம் விடும்.

இத்தனையும் சரியாகச் செய்துவிட்டு, கம்பீரத்துக்காக வண்டியின் உயரத்தைக் கூட்டுகிறவர்கள் உண்டு. உயரம் கூடினால் ஷாஃப்டின் கோணம் கூடும். மேலே சொன்ன சதவீதக் கணக்கு முழுதும் மாறும். இன்னொரு கூட்டம், காய்ந்த தார்ச்சாலையிலும் நாலு சக்கர இழுவையைப் போட்டே ஓட்டும். திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின்னவற்றைவிட நீண்ட வட்டத்தில் போகின்றன. நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாத ஜீப்பில் இரு ஷாஃப்டும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டிருப்பதால், அந்த வித்தியாசம் முறுக்காகச் சேர்ந்து கிராஸ்களில் ஏறுகிறது. மண்ணில் டயர் கொஞ்சம் வழுக்கி அதை விடுவித்துவிடும், தார் விடாது.

பின் ஷாஃப்டில் ஹவுசிங் பக்கக் கிராஸ் உடைந்தால், குழாய் தரையில் இழுபட்டு வண்டி நின்றுபோகும். கியர்பாக்ஸ் பக்கக் கிராஸ் ஓட்டத்தில் உடைந்தால் கதை வேறு: ஷாஃப்டின் முன்நுனி கீழே விழுந்து தரையில் குத்தி, பின்பக்கத்தை நெம்பித் தூக்கக்கூடும். பெரிய வண்டிகள் பலவற்றில் ஷாஃப்டைச் சுற்றி ஓர் இரும்பு வளையம் மாட்டியிருப்பது, விழும் ஷாஃப்டை அந்தரத்திலேயே பிடித்துக்கொள்ளத்தான்.