பல்பயன் மிதிவண்டியின் விலைத் தகுதி

பல்பயன் மிதிவண்டி என்பது வேலைக்குச் செல்லுதல், கடைக்குச் சென்று வருதல், சுமை ஏற்றுதல், ஓய்வுநேர ஓட்டம் ஆகிய அனைத்துக்கும் பயன்படும் மிதிவண்டி ஆகும். வண்டியின் உழைப்பு, பழுதுபார்ப்புச் செலவு, ஓடும் சாலைக்கு ஏற்ற அமைப்பு ஆகியவற்றை விலையோடு ஒப்பிட்டு அதன் விலைத் தகுதி கணிக்கப்படுகிறது.

வட்டாரப் பின்னணி

ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. மிதிவண்டிகளைத் தயாரித்த டிஐ சைக்கிள்ஸ் நிறுவனம் 1949 இல் தொடங்கப்பட்டு அம்பத்தூரில் இயங்கியது. அம்பத்தூர் 2018 வரை திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தது. அதே மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை உள்ளது. புறநகர் ரயிலில் வரும் தொழிலாளருக்கு நிலையத்திலிருந்து ஆலை வரையிலான சில கிலோமீட்டர் தொலைவே சிக்கலாகிறது. ஷிப்டு முடியும் நேரத்தில் பேருந்தோ ஷேர் ஆட்டோவோ கிடைக்காவிட்டால் மிதிவண்டியே துணை.

தேவையும் கூடுதலும்

இப்பகுதி பெரும்பாலும் சமதளம். எனவே அன்றாடப் பயணத்துக்குக் கியர் இல்லாத வண்டியே போதும். எதிர்காற்றிலும் சுமையோடும் நெடுந்தூரம் செல்வோருக்குக் கியர் உதவும். மலிவான வண்டிகளில் உள்ள முன்பக்க சஸ்பென்ஷன் எடையையும் பராமரிப்பையும் கூட்டுகிறது; தார்ச்சாலையில் அதனால் பயன் குறைவு. மாறாக மட்கார்டு, கேரியர், செயின் கவர், ஸ்டாண்டு, பூட்டு, விளக்கு ஆகியவை இன்றியமையாதவை. இவை தனியாக வாங்கப்படும்போது மலிவான வண்டியின் விலையும் உயர்ந்துவிடும். லாரிகள் ஓடும் சாலையில் இரவு ஷிப்டுக்குச் செல்பவருக்கு விளக்கும் பிரதிபலிப்பானும் உயிர்க்காப்பு.

உதிரி பாகங்கள்

அருகிலுள்ள கடையில் டயர் கிடைக்குமா என்பது முதன்மையான கேள்வி. பழைய பாணி 28 × 1½ அங்குல டயருக்கான ரிம்மின் விட்டம் 635 மி.மீ., 700சி வகைக்கு 622 மி.மீ., வழக்கமான 26 அங்குல மலை மிதிவண்டிக்கு 559 மி.மீ. ஆகும். ஒன்றின் டயர் மற்றொன்றுக்குப் பொருந்தாது. டயரின் பக்கவாட்டில் 40-635 என்பதுபோல் இவ்வளவு அச்சிடப்பட்டிருக்கும்.

செலவுக் கணக்கு

விலை, துணைக்கருவிகள், பராமரிப்பு ஆகியவற்றைக் கூட்டி, மறுவிற்பனை மதிப்பைக் கழித்து, பயன்படும் மாதங்களால் வகுத்தால் மாதச் செலவு கிடைக்கும். எடுத்துக்காட்டாக, துணைக்கருவிகளுடன் 7,000 ரூபாய்க்கு வாங்கிய வண்டிக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாய் பராமரிப்பு எனவும், ஐந்தாண்டு கழித்து அது 1,500 ரூபாய்க்கு விலைபோகும் எனவும் கொண்டால், மாதச் செலவு 175 ரூபாய். இத்தொகையை ஒரு மாத ஷேர் ஆட்டோ கட்டணத்தோடு ஒப்பிட்டால் உண்மையான இலாபம் தெரியவரும். வீட்டில் அரசின் விலையில்லா மிதிவண்டி இருந்தால், அதை முழுமையாகப் பழுதுபார்க்கும் செலவையும் இக்கணக்கில் ஒப்பிடலாம்.

வாங்குமுன் சோதனை

சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றும்போது ரிம் பக்கவாட்டில் ஆடக்கூடாது. மிதிக்கட்டையின் தண்டு தளர்ந்திருக்கக்கூடாது. சட்டகத்தின் பற்றவைப்பில் விரிசல் இருத்தலாகாது. இருக்கையில் அமர்ந்து குதிகாலால் மிதிக்கட்டையைத் தாழ்நிலையில் தொடும்போது கால் ஏறத்தாழ நேராக நிற்பது சரியான உயரம். அளவு பொருந்தாத வண்டி எவ்வளவு மலிவாயினும், முழங்கால் வலியால் ஓட்டப்படாமல் மூலையில் நின்றுவிட்டால் அதற்குக் கொடுத்த விலை முழுவதும் நட்டமே.