சரித்திர உபாத்தியாயருக்கும் ஒரு வகுப்பறை

பட்டம் பெற்று, உத்தியோகத்தில் அமர்ந்து, பல்லாண்டுகள் பாடம் நடத்திய ஒரு சரித்திர உபாத்தியாயர் மறுபடியும் மாணவராகப் பயிற்சி முகாமில் உட்கார்ந்து கற்றுக்கொள்வதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. பானிப்பட்டு யுத்தம் நடந்த வருஷம் மாறப்போவதில்லையே என்பது அவர்களுடைய வாதம். அந்த வாதத்தைப் பரிசீலிக்கக் கொல்கத்தா பொருத்தமான இடம். ஆசிரியர் பயிற்சியில் அரசாங்கம் வகுத்த வழியும், ஆர்வலர்கள் தாமே வகுத்துக்கொண்ட வழியும் அந்நகரில் அக்கம்பக்கமாக நடைபெற்று வந்திருக்கின்றன.

அரசாங்க வழி 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையிலிருந்து பிறந்தது. அதை அனுசரித்துப் பல்கலைக்கழக மானியக் குழு, கல்லூரி ஆசிரியர்களுக்காக ‘அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ்’ என்னும் பயிற்சி நிலையங்களை நாடெங்கும் ஸ்தாபித்தது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்திலும் ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்திலும் அவை அமைந்தன. புதியவர்களுக்கு நான்கு வார அறிமுகப் பயிற்சி, அனுபவஸ்தர்களுக்கு மூன்று வாரப் புத்தொளிப் பயிற்சி என்பது ஆரம்பகால ஏற்பாடு. பதவி உயர்வுக்குச் சான்றிதழ் அவசியமாகையால் வருகைக்குக் குறைவில்லை. ஆயினும், சான்றிதழுக்காக வந்தவர் யார், விஷயத்துக்காக வந்தவர் யார் என்பதை வருகைப் பதிவேடு பிரித்துக் காட்டுவதில்லை. பள்ளி ஆசிரியர்களுக்கும் ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி வேண்டுமென்று 2020-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை விதிக்கிறது.

மற்ற வழிக்கு உதாரணம், 1982-இல் சீகல் பதிப்பகத்தைத் தொடங்கிய நவீன் கிஷோர் நிறுவிய சீகல் கலை அறக்கட்டளை நடத்தும் ‘ஹிஸ்டரி ஃபார் பீஸ்’ என்ற முயற்சி. அமைதிக்காகச் சரித்திரத்தை எப்படிப் போதிப்பது என்பதே அதன் விசாரம். தேசம், அரசியல் சட்டம், பண்பாடு முதலிய பொருள்களில் அது கொல்கத்தாவில் கூட்டும் மாநாடுகளில் சரித்திர ஆராய்ச்சியாளர்களும் பள்ளி ஆசிரியர்களும் ஒரே கூடத்தில் அமர்ந்து விவாதிக்கிறார்கள். சொற்பொழிவுகளோடு ஆசிரியர்களுக்கான பட்டறைகளும் நடைபெறுகின்றன. பதவி உயர்வு முதலிய லாபம் எதையும் கருதாமல் வருகிறவர்களின் சபை அது.

இவ்வளவு பிரயாசை எதற்கு? பாடப்புத்தகம் மாறிவிட்டது என்பதே முதற்காரணம். 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பை ஒட்டி என்.சி.இ.ஆர்.டி. புதிய சமூக அறிவியல் நூல்களை வெளியிட்டபோது, அவற்றுக்கான ஆலோசனைக் குழுவின் தலைவராக இருந்தவர் கல்கத்தாப் பல்கலைக்கழகச் சரித்திரப் பேராசிரியர் ஹரி வாசுதேவன். சாசனம், கடிதம், சித்திரம், பத்திரிகைச் செய்தி ஆகிய மூலாதாரங்களைப் பக்கத்துக்குப் பக்கம் கட்டமிட்டுக் கொடுத்து, அவற்றைப் பற்றி மாணவனையே யோசிக்கச் சொல்லும் நூல்கள் அவை. தம் இளமையில் வருஷங்களையும் வம்சாவளிகளையும் மனனம் செய்து தேறிய ஆசிரியர், அந்தக் கட்டங்களைத் தாண்டிச் சென்றுவிடுவதில் ஆச்சரியமில்லை. தமக்கு ஒருவரும் பழக்கிவைக்காத ஒரு வித்தையை அவர் பிறருக்குப் பழக்குவது எங்ஙனம்?

அந்த வித்தை யாதென்பதைக் கொல்கத்தாவின் சொந்தச் சரித்திரத்திலிருந்தே விளக்கலாம். 1756 ஜூன் 20 அன்று நவாப் சிராஜுத்தௌலாவின் சேனை அங்கிருந்த ஆங்கிலேயரின் கோட்டையைப் பிடித்தபின், 146 பேர் ஒரு சிற்றறையில் அடைக்கப்பட்டு, இரவு கழிவதற்குள் 123 பேர் மாண்டனர் என்று, உயிர் தப்பிய ஹால்வெல் எழுதிவைத்தார். ‘இருட்டறைச் சம்பவம்’ என்று தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்பட்ட பாடம் இது. பட்டறையில் இதை எடுத்துக்கொள்ளும் ஆசிரியர்கள், ஹால்வெல் கூறிய ஏறக்குறைய 18 அடி நீளத்தையும் 15 அடி அகலத்தையும் தரையில் சுண்ணக்கட்டியால் கோடிட்டுப் பார்த்தால், தலைக்கு இரண்டு சதுர அடிகூடக் கிடைக்காதென்பது பிரத்தியட்சமாகும். அடுத்து, எழுதியவர் யார், எப்போது எழுதினார், எவருக்காக எழுதினார் என்ற கேள்விகள் எழும். அட்சய குமார் மைத்ரேயர் இச்சம்பவத்தை ஐயுற்றதும், ஜே. எச். லிட்டில் 1915-இல் ஹால்வெலின் நாணயத்தையே கேள்விக்குள்ளாக்கியதும், பின்னாளில் பிரிஜேன் குப்தா அடைக்கப்பட்டவர்கள் 64 பேர் போலும் என்று கணித்ததும் ஒன்றன்பின் ஒன்றாக மேஜைக்கு வரும். சம்பவமே பொய் என்று துள்ளுகிறவரையும், எழுதியதெல்லாம் மெய் என்று சாதிக்கிறவரையும் ஆதாரங்கள் ஒருங்கே அடக்கிவிடும். கர்ஸான் பிரபு 1902-இல் எழுப்பிய நினைவுச் சின்னம், சுபாஷ் சந்திர போஸ் தூண்டிய 1940-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் விளைவாக செயின்ட் ஜான் தேவாலய வளாகத்துக்குப் பெயர்க்கப்பட்ட கதையையும் சேர்த்தால், ஒரு சம்பவம் நடந்த காலத்தின் சரித்திரம் வேறு, அதை நினைவுகூர்ந்தவர்களின் சரித்திரம் வேறு என்பது எளிதில் விளங்கும்.

ஐரோப்பாவில் சரித்திர ஆசிரியர் சங்கங்கள் 1992-இல் ‘யூரோகிளியோ’ என்ற கூட்டமைப்பில் இணைந்ததும் இத்தகைய நோக்கத்தோடுதான். பகைத்திருந்த நாடுகளின் ஆசிரியர்கள் ஒரே நிகழ்ச்சியை இரு பக்கத்துச் சான்றுகளோடும் பயில வேண்டியிருந்தது. பிரிவினையின் வடு மாறாத வங்காளத்துக்கு அதன் அவசியத்தை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

தடை எங்கே இருக்கிறதென்றால், பரீட்சையில் இருக்கிறது. உற்சாகத்தோடு ஊர் திரும்பும் உபாத்தியாயரை முடிக்க வேண்டிய பாடப்பகுதியும், மேற்கு வங்கத்தின் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வான மாத்யமிக்கும், முக்கால் மணி நேர வகுப்பும் எதிர்கொள்கின்றன. ஆகவே பருவத்துக்கு ஒரே ஓர் ஆவணத்தை மட்டும் முழுமையாக ஆராய்வதே நடைமுறைக்கு உகந்தது. நம் தமிழ்நாட்டு ஆசிரியரும் 1806-ஆம் ஆண்டு வேலூர்ப் புரட்சியை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக் கடிதங்களைக் கொண்டு இவ்வாறே நடத்தலாம். ஆனால், மாணவன் முன்பின் பார்த்திராத ஆதாரம் ஒன்றைக் கொடுத்து அபிப்பிராயம் கேட்கும் வினா ஒன்றேனும் வினாத்தாளில் இடம்பெற்றாலன்றி, 50 மணி நேரப் பயிற்சியும் பதிவேட்டோடு நின்றுவிடும். பயிற்சியைத் திட்டமிடுகிறவர்கள் வினாத்தாள் தயாரிப்பவர்களையும் அதே முகாமுக்கு அழைத்து உட்கார வைப்பது நலம்.