வரவேற்பறையில் ஒரு மலாவி ஏரி

வண்ணமீன் வளர்க்க விரும்புவோர் பலரும் முதலில் நாடுவது தங்கமீனையே. எனினும் தொம்மலூர் போன்ற பகுதிகளில், ஆழ்துளைக் கிணற்றுக் கடினநீரைப் பெறும் அடுக்கக வாசிகளுக்கு, கிழக்கு ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிச் சிக்லிட் மீன்கள் இன்னும் பொருத்தமானவை என்பது நம் கருத்து.

சிக்லிட் குடும்பம் நமக்குப் புதிதன்று. 1952-இல் இந்தியாவுக்குள் வந்து, இன்று தமிழக ஏரிகளெங்கும் பெருகிவிட்ட ஜிலேபி மீன் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. கேரளத்தார் போற்றும் கரிமீனும் அவ்வாறே. மலாவியின் பாறையோர மீன்களுள் பெரும்பாலானவை முரட்டுத்தனம் மிக்கவை. கடைகளில் ‘மஞ்சள் லாப்’ எனப்படும் லேபிடோக்ரோமிஸ் கெருலியஸ் அவற்றுள் சாதுவானது. சுமார் பத்து சென்டிமீட்டர் வளர்வது.

தொட்டி வாங்குமுன் எடையைக் கணக்கிடுதல் நன்று. நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உயரமும் கொண்ட தொட்டி ஏறத்தாழ 255 லிட்டர் கொள்ளும். கண்ணாடி, மணல், பாறைகளையும் சேர்த்தால் 300 கிலோவைத் தாண்டும். ஆகவே பால்கனியைத் தவிர்த்து, உத்தரம் தாங்கும் சுவரையொட்டி வைக்க வேண்டும். இம்மீன்கள் மணலைத் தோண்டும் இயல்பின. பாறைகளை அடித்தளத்தில் அமர்த்திய பின்னரே மணல் பரப்புக.

நீரின் பி.எச். அளவு 7.5 முதல் 8.5 வரையிலும், வெப்பம் 24 முதல் 26 டிகிரி வரையிலும் இருத்தல் வேண்டும். பெங்களூரின் மார்கழி இரவுகளுக்கு ஹீட்டர் இன்றியமையாதது. ஆர்.ஓ. நீர் இம்மீனுக்கு ஆகாது. குழாயில் வரும் காவிரி நீரானால் குளோரின் நீக்கியே ஊற்றுக. உணவில் ஸ்பைருலினா முதலிய தாவரப் பொருள் மிகுந்திருக்கட்டும்.

ஆண், பெண்ணை இளமையில் பிரித்தறிவது கடினம். எனவே ஆறு முதல் எட்டுக் குஞ்சுகளை ஒருசேர வாங்குவதே வழி. இட்ட முட்டைகளைப் பெண்மீன் உடனே வாயில் எடுத்துக்கொள்ளும். ஆணின் குதத்துடுப்பிலுள்ள முட்டை போன்ற புள்ளிகளையும் முட்டையென எண்ணிக் கவ்வ முயலும்போது விந்து அதன் வாயினுள் சென்று கருவுறுதல் நிகழ்கிறது. பின்னர் மூன்று, நான்கு வாரங்கள் தாய் ஏறக்குறைய பட்டினியே கிடக்கும். தாடை புடைத்த மீனை வலையால் விரட்டினால் குஞ்சுகளைத் துப்பிவிடக்கூடும். வெளிவரும் குஞ்சுகளுக்கு ஆர்ட்டீமியாவும் பொடித்த உணவும் போதும்.

பெருகிய குஞ்சுகளை அல்சூர் ஏரியில் விடுவோர் உண்டு என்றால், அதை நாம் ஏற்பதற்கில்லை. ஜிலேபி மீன் நாட்டு மீன்களின் இடத்தைப் பறித்ததை நாம் அறிவோம். நண்பர்களுக்கோ கடைகளுக்கோ கொடுத்துவிடலாம்.

இதையே தொழிலாக்க முனைவோர் சென்னைக் கொளத்தூரின் வண்ணமீன் பண்ணைகளை ஒருமுறை பார்த்து வரலாம். 2020-இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டம், வீட்டுக் கொல்லை வண்ணமீன் வளர்ப்பு அலகின் மதிப்பை 3 லட்சம் ரூபாயாகக் கொண்டு, பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடும், மகளிர், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 60 விழுக்காடும் மானியமாக வகுத்தது. தற்போதைய விதிகளை மீன்வளத் துறையிடம் கேட்டறிந்து, நீர், மின்சாரம், கொள்முதல் செய்வோர் ஆகியன பற்றிய விவரங்களுடன் கிளையை அணுகினால் கடன் பரிசீலனை விரைவாகும்.