வீட்டு நாய்க்கு முடி கொட்டிக்கிட்டே இருக்கா? மொட்டை அடிக்காதீங்க, தெருவிலும் விடாதீங்க... செய்ய வேண்டியது என்ன?

திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதிக்கும் நாய்களுக்கும் நெருக்கம் அதிகம். ஆசிரம வளாகத்தில் பசு லட்சுமியின் சமாதிக்குப் பக்கத்திலேயே ஜாக்கி என்ற நாய்க்கும் சமாதி இருக்கிறது. ரமண மகரிஷி விலங்குகளை 'அது' என்று சொல்லாமல் 'அவன்', 'அவள்' என்றே சொல்வார் என்று அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஆர்தர் ஆஸ்போர்ன் குறிப்பிட்டிருக்கிறார். இன்றும் செங்கம் சாலையிலும் கிரிவலப் பாதையிலும் நாய்களைப் பார்க்காமல் நடக்க முடியாது.

இங்கே தெருவில் கிடந்த குட்டியை எடுத்து வளர்ப்பவர்களும் உண்டு. காசு கொடுத்து லேப்ரடார், பொமரேனியன் வாங்கி வளர்ப்பவர்களும் உண்டு. இரு தரப்பும் சொல்லும் புகார் ஒன்றுதான்: "எவ்வளவு பெருக்கினாலும் முடி போக மாட்டேங்குது."

இந்தப் புகார் சில வீடுகளில் நாய்க்கே ஆபத்தாக முடிகிறது. சிலர் மொட்டை அடிக்கிறார்கள், சிலர் மெக்கானிக் கடை வேஸ்ட் ஆயிலைத் தடவுகிறார்கள், சிலர் நாயையே கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். இன்னொரு பக்கம், உண்மையிலேயே தோல் நோய் வந்த நாயை "சீசன் முடிஞ்சா சரியாயிடும்" என்று மாதக்கணக்கில் கவனிக்காமல் விடுவதும் நடக்கிறது. எது இயல்பு, எது நோய் என்று தெரிந்துகொண்டால் இந்த இரண்டு தவறுகளையும் தவிர்க்கலாம்.

நாய்க்கு முடி ஏன் கொட்டுகிறது?

நாயின் ஒவ்வொரு முடிக்கும் ஆயுள் உண்டு. வளரும், வளர்ச்சி நிற்கும், சில காலம் அப்படியே இருக்கும், பிறகு உதிரும். அதே இடத்தில் புது முடி முளைக்கும். பூடில் போன்ற சில வகைகளில் முடி நீண்ட காலம் வளர்ந்துகொண்டே இருப்பதால் உதிர்வது குறைவு. பெரும்பாலான மற்ற நாய்களுக்கு முடி குறிப்பிட்ட நீளம் வந்ததும் நின்று, பிறகு உதிர்ந்துவிடும்.

லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், கோல்டன் ரெட்ரீவர், பொமரேனியன், ஹஸ்கி ஆகியவற்றுக்கு இரண்டு அடுக்கு முடி. மேலே முரட்டு முடி, உள்ளே பஞ்சு போன்ற மெல்லிய முடி. வீட்டு மூலைகளில் உருண்டையாகச் சுருண்டு கிடப்பது பெரும்பாலும் இந்த உள்முடிதான்.

'குட்டை முடி நாய்க்கு முடி கொட்டாது' என்பதும் தவறு. நாட்டு நாய்க்கும் கொட்டும். அந்தக் குட்டை முடி ஊசி போல சோபா துணியில் குத்தி நிற்பதால் எடுப்பதுதான் இன்னும் கஷ்டம்.

வருஷம் முழுக்க கொட்டுதே, ஏன்?

குளிர் நாடுகளில் நாய்களுக்கு வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் மொத்தமாக முடி உதிரும். அதற்கு முக்கியக் காரணம் பகல் பொழுதின் நீளம் மாறுவது. வெப்பநிலைக்கும் இதில் பங்கு உண்டு.

திருவண்ணாமலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 12 டிகிரியில்தான் இருக்கிறது. இங்கே வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் மட்டுமே. போதாததற்கு வீட்டுக்குள் இரவு 11 மணி வரை லைட் எரிகிறது. அதனால் 'இப்போது சீசன்' என்ற தெளிவான தகவல் நாயின் உடலுக்குக் கிடைப்பதில்லை. முடி கொஞ்சம் கொஞ்சமாக வருடம் முழுக்க உதிர்கிறது. ஆக, நம்ம ஊரில் தினமும் முடி கொட்டுவதை மட்டும் வைத்து நாய்க்கு நோய் என்று முடிவு செய்ய முடியாது.

இயல்பா, நோயா? கண்டுபிடிப்பது எப்படி?

தரையில் எவ்வளவு முடி கிடக்கிறது என்று பார்ப்பதைவிட, நாயின் தோலைப் பார்ப்பதே சரி. நல்ல வெளிச்சத்தில் முடியை விலக்கிப் பாருங்கள்.

இயல்பான உதிர்வு என்றால்:
• உடல் முழுக்க ஒரே சீராக முடி குறையும். எங்கும் வழுக்கை விழாது.
• தோல் சுத்தமாக இருக்கும். சிவப்போ, புண்ணோ, நாற்றமோ இருக்காது.
• நாய் வழக்கம்போல சாப்பிடும், ஓடும், தூங்கும்.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்:
• வட்டமாகவோ திட்டாகவோ முடி போவது
• ராத்திரியெல்லாம் சொறிவது, கால்களை நக்கிக்கொண்டே இருப்பது
• தோல் தடித்து, கறுத்து, செதில் செதிலாக உதிர்வது
• காதில் துர்நாற்றம்
• திடீரென எடை கூடுவது அல்லது குறைவது, அளவுக்கு மீறி தண்ணீர் குடிப்பது

நோயாக இருந்தால் என்னவாக இருக்கலாம்?

தெள்ளு, உண்ணி: தெள்ளுக் கடி ஒத்துக்கொள்ளாத நாய்க்கு வால் தொடங்கும் இடத்திலும் பின்தொடையிலும் முடி போகும். தெள்ளின் முட்டையும் புழுவும் நாயின் மேல் இருப்பதைவிட வீட்டு இடுக்குகளிலும் படுக்கைத் துணியிலும்தான் அதிகம். நாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டு வீட்டைச் சுத்தம் செய்யாவிட்டால் மறுபடியும் வரும். உண்ணி தோலைப் புண்ணாக்குவதோடு எர்லிச்சியா, பேபேசியா போன்ற காய்ச்சல்களையும் பரப்பும்.

சொறி: இதில் இரண்டு வகை. ஒன்று கடும் அரிப்பு தருவது. காது ஓரம், முழங்கை, வயிற்றுப் பகுதியில் தொடங்கும். மற்ற நாய்களுக்குப் பரவும், வளர்ப்பவர்களுக்கும் தற்காலிக அரிப்பைத் தரும். இன்னொன்று பெரும்பாலும் குட்டிகளுக்கு வருவது. கண்ணைச் சுற்றியும் வாயைச் சுற்றியும் முன்னங்காலிலும் முடி போகும், ஆரம்பத்தில் அரிப்பு குறைவு. இது மனிதர்களுக்குப் பரவாது. இரண்டுக்கும் மருந்து உண்டு. தோலை லேசாகச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் எந்த வகை என்று தெரியும்.

படர்தாமரை: வட்ட வட்டமாக முடி போய், ஓரத்தில் செதில் தெரியும். இதுவும் வீட்டில் இருப்பவர்களுக்குத் தொற்றலாம்.

ஹார்மோன் கோளாறு: நடுத்தர வயது நாய்க்கு உடலின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முடி குறைந்து, வாலில் வழுக்கை விழுந்து, எடை கூடி, சோம்பலாக இருந்தால் தைராய்டு குறைபாடாக இருக்கலாம். அதிக தாகமும் தொங்கும் வயிறும் இருந்தால் மருத்துவர் வேறு ஹார்மோன் பரிசோதனை எழுதுவார்.

பிரசவம், காய்ச்சல்: குட்டி போட்ட நாய்க்கும், கடும் காய்ச்சலில் இருந்து மீண்ட நாய்க்கும் சில வாரங்கள் கழித்து முடி கொத்தாகக் கொட்டலாம். பெரும்பாலும் தானாகவே திரும்ப வளரும்.

செய்யவே கூடாதவை எவை?

வேஸ்ட் ஆயில், மண்ணெண்ணெய்: "வண்டி ஆயில் தடவினா சொறி போயிடும்" என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தோல் வெந்துபோகும். நாய் அதை நக்கி விழுங்கினால் நுரையீரலும் உள்ளுறுப்புகளும் பாதிக்கப்படும். பினாயில் கலந்த தண்ணீரில் குளிப்பாட்டுவதும் இதே போல ஆபத்தானது.

மொட்டை: இரண்டு அடுக்கு முடி உள்ள நாய்க்கு அந்த முடி வெயிலையும் தடுக்கிறது. ஒட்ட வெட்டினால் தோல் நேரடியாக வெயிலில் காயும். சில நாய்களுக்கு முடி திட்டுத் திட்டாக முளைக்கும் அல்லது மாதக்கணக்கில் முளைக்காமலே போகும். உதிர்வதும் நிற்காது, நீள முடிக்குப் பதில் குட்டை முடி கொட்டும், அவ்வளவுதான். சிக்கு விழுந்து அவிழ்க்க முடியாத இடத்தை மட்டும் வெட்டலாம்.

சுயமாக ஊசி: மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியை அளவு தெரியாமல் நாய்க்குப் போடுவது உயிருக்கே ஆபத்து. கோலி வகை நாய்களுக்குக் குறைந்த அளவே நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும்.

முடி உதிர்வை எப்படிக் கட்டுப்படுத்துவது?

உதிர்வதை முழுதாக நிறுத்த முடியாது. ஆனால் எங்கே உதிர வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்யலாம். வாசலிலோ மொட்டை மாடியிலோ 10 நிமிடம் சீவினால், அந்த முடி சோபாவுக்கு வராது.

குட்டை முடி நாய்க்கு ரப்பர் பிரஷ் அல்லது ரப்பர் கையுறை போதும், வாரம் இரண்டு முறை. இரண்டு அடுக்கு முடி நாய்க்கு மெல்லிய கம்பிப் பற்கள் உள்ள பிரஷ் வேண்டும், ஒன்றுவிட்டு ஒரு நாள். முடி வளரும் திசையிலேயே, அழுத்தாமல் சீவ வேண்டும். காலை வெயில் ஏறும் முன் செய்தால் நாயும் ஒத்துழைக்கும். சீவும்போதே உண்ணியும் புண்ணும் கண்ணில் படும் என்பது கூடுதல் லாபம்.

குளியல் 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு முறை போதும். அடிக்கடி குளிப்பாட்டினால் தோலின் எண்ணெய்ப் பசை போய், உதிர்வது அதிகமாகும். நம் ஷாம்பூவும் சோப்பும் நாயின் தோலுக்குப் பொருந்தாது, நாய்க்கான ஷாம்பூதான் சரி. மழைக்காலத்தில் உள்முடி வரை துவட்டாமல் விட்டால் ஈரத்திலேயே பூஞ்சை வரும்.

தயிர் சாதம் மட்டும் போதுமா?

போதாது. முடி என்பது பெரும்பகுதி புரதம். தினமும் தயிர் சாதம், பால், பிஸ்கட் என்று ஓடினால் வயிறு நிறையும், முடி வறண்டு கொட்டும். வேகவைத்த முட்டை, கோழிக்கறி, முள் நீக்கிய மீன் சேர்க்கலாம். மத்தி போன்ற மீனில் உள்ள ஒமேகா 3 கொழுப்பு தோலுக்கு நல்லது. சைவ வீடுகளில், எல்லாச் சத்தும் சமமாகச் சேர்த்த நாய் உணவு எது என்று மருத்துவரிடம் கேட்டு வாங்குவதே பாதுகாப்பு.

வெங்காயம், பூண்டு நாய்க்கு நஞ்சு. அதனால் சாம்பார் சாதம் வேண்டாம். உணவை மாற்றினால் முடியில் வித்தியாசம் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும்.

வீட்டில் முடியைச் சமாளிப்பது எப்படி?

துடைப்பத்தால் வேகமாகப் பெருக்கினால் முடி பறந்து வேறு இடத்தில் உட்காரும். ஃபேனை நிறுத்திவிட்டு, ஈர மாப் போடுவது நல்லது. சோபாவில் ஈரமான ரப்பர் கையுறையால் ஒரே திசையில் தடவினால் முடி சுருண்டு வந்துவிடும். நாய்க்கென்று ஒரு பழைய போர்வை கொடுத்து, வாரம் ஒருமுறை வெளியே உதறிவிட்டுத் துவைக்கலாம்.

நாய் முடி வயிற்றில் போனால் ஆஸ்துமா வருமா?

வீட்டுப் பெரியவர்கள் அடிக்கடி சொல்லும் பயம் இது. வயிற்றுக்குள் போகும் ஓரிரு முடி செரிக்காது, அப்படியே வெளியேறிவிடும். அதனால் ஆஸ்துமா வராது. அலர்ஜி உள்ளவர்களுக்குத் தொந்தரவு தருவது நாயின் எச்சிலிலும் தோல் செதிலிலும் உள்ள புரதங்கள். ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவர்கள் படுக்கை அறைக்குள் நாயை விடாமல் இருப்பது நல்லது.

உண்மையில் கவனிக்க வேண்டியது குடற்புழு. நாயின் முடியில் ஒட்டியிருக்கும் சில புழு முட்டைகள் மனிதர்களுக்கு நீர்க்கட்டி நோயைத் தரக்கூடியவை. மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பூச்சி மருந்து கொடுப்பது, பச்சைக் குடல், ஈரல் போடாமல் இருப்பது, சாப்பிடும் முன் கை கழுவுவது... இந்த மூன்றும் போதும்.

சமாளிக்க முடியலைன்னு விட்டுவிடலாமா?

பட்டினியும் தாகமும் நேரும் என்று தெரிந்தே விலங்கைக் கைவிடுவது 1960-ம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் பிரிவு 11-ன் கீழ் குற்றம். வீட்டில் வளர்ந்த நாய்க்குத் தெருவில் இரை தேடவோ, மற்ற நாய்களிடம் இருந்து தப்பவோ தெரியாது. உறவினர்களிடமோ நண்பர்களிடமோ முறையாக ஒப்படைப்பது ஒரு வழி. திருவண்ணாமலையில் தெருநாய்களுக்குச் சிகிச்சையும் கருத்தடையும் செய்யும் விலங்குகள் காப்பகமும் உள்ளது. அங்கே ஆலோசனை கேட்கலாம்.

அதற்கு முன் அரசு கால்நடை மருத்துவமனையில் ஒருமுறை காட்டிவிடுங்கள். போகும்போது என்ன உணவு தருகிறீர்கள், எப்போதிலிருந்து முடி கொட்டுகிறது, வீட்டில் யாருக்காவது அரிப்பு இருக்கிறதா என்ற மூன்று தகவல்களும், முடி போன இடத்தின் போட்டோவும் கையில் இருக்கட்டும். முதல் நாள் எண்ணெயோ மருந்தோ தடவாமல் கூட்டிப் போனால் தோல் பரிசோதனை சரியாக வரும்.