நிற்கும் காரில் கசியும் மின்சாரம்

பூட்டி நிறுத்திய காரிலும் மின்சார ஓட்டம் முழுதாக நின்றுவிடுவதில்லை. ரிமோட் சாவியின் சிக்னலுக்குக் காத்திருக்கும் ரிசீவர், திருட்டு அலாரம், கடிகாரம், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியின் நினைவகம் ஆகியவை இரவும் பகலும் பேட்டரியிலிருந்து சிறிது மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கும். பெரும்பாலான கார்களில் இது 20 முதல் 50 மில்லி ஆம்பியருக்குள் அடங்கும். அதைத் தாண்டி வேறு ஏதோ ஒன்று இழுத்துக்கொண்டிருந்தால், வாரத்தில் ஒருநாள் மட்டும் வெளியே எடுக்கும் கார் அந்த ஒருநாளும் செல்ஃப் எடுக்காது.

சிறிய ஹேட்ச்பேக் கார்களில் சாதாரணமாகக் காணப்படும் 35 ஆம்பியர்-மணி பேட்டரியை வைத்துக் கணக்குப் போடலாம். 50 மில்லி ஆம்பியர் இழுப்புக்கு நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி செலவாகும். பேட்டரி பாதியாகக் குறைய இரண்டு வாரம் ஆகும். இழுப்பு 500 மில்லி ஆம்பியர் என்றால் நாளொன்றுக்கு 12 ஆம்பியர்-மணி. ஒன்றரை நாளில் பாதி தீர்ந்துவிடும். டிக்கியில் அணையாமல் எரியும் ஒரு 5 வாட் பல்புக்கு ஏறத்தாழ 0.4 ஆம்பியர் தேவை. வெள்ளி இரவு நிறுத்திய காரைத் திங்கள் காலை முடக்க அதுவே போதும்.

இப்படி முடங்கும் காருக்கு நடக்கும் வைத்தியம் எங்கும் ஒன்றுதான். முதலில் பக்கத்து வண்டியிலிருந்து ஜம்ப் ஸ்டார்ட். இரண்டாம் முறை, புது பேட்டரி. புது பேட்டரிக்குக் கொள்ளளவு முழுதாக இருப்பதால் சில வாரங்களுக்குக் கசிவு வெளியே தெரியாது. பிறகு பழைய கதை திரும்பும். அதற்குள் புது பேட்டரியும் கெடத் தொடங்கியிருக்கும். கார் பேட்டரி சில விநாடிகளுக்குப் பெரிய மின்னோட்டம் கொடுப்பதற்காகச் செய்யப்பட்டது; அடிவரை இறங்கி மீண்டும் ஏறுவதற்கு அல்ல. சார்ஜ் இறங்கிய நிலையிலேயே நாள்கணக்கில் கிடந்தால் ஈயத் தகடுகளின் மீது ஈய சல்பேட் படிகமாக இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு வராது. வெயில் காலத்துச் சூடு இந்தச் சேதத்தை இன்னும் விரைவுபடுத்தும்.

முதல் கேள்வி: பேட்டரியா, வண்டியா?

நான்கைந்து ஆண்டு ஓடிய பேட்டரி தானாகவே தளர்ந்திருக்கலாம் என்றும், தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் காருக்கு சார்ஜ் ஏற நேரமே கிடைக்காது என்றும் மெக்கானிக்குகள் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் அதை ஊகத்தில் விடாமல் ஓர் இரவில் சோதித்துவிடலாம்.

பேட்டரியை சார்ஜரில் முழுதாக ஏற்றி, சில மணி நேரம் ஓய்வில் விட்டு மல்டிமீட்டரில் பார்த்தால் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். 12.4 என்றால் முக்கால் பங்கு, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்கு சார்ஜ் இருப்பதாகக் கொள்ளலாம். முழுதாக ஏறிய பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு இரவு முழுதும் அப்படியே வைக்க வேண்டும். காலையில் வோல்ட் கணிசமாக இறங்கியிருந்தால் கோளாறு பேட்டரிக்குள் இருக்கிறது. இறங்காமல் நின்று, முனையை மாட்டிய மறுநாள் மட்டும் இறங்கினால் கசிவு வண்டியில் இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் பொதுவாகச் சரியாகவே சார்ஜ் செய்கிறது.

இழுப்பை அளப்பது

இக்னிஷனை அணைத்து, சாவியைக் காரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். ஸ்மார்ட் சாவி அருகில் இருந்தால் சில கார்களின் கணினி அடிக்கடி விழித்துக்கொள்ளும். ஃபியூஸ் பாக்ஸை எட்டுவதற்காகக் கதவைத் திறந்து வைக்க நேர்ந்தால், கதவின் பூட்டுக் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ள வேண்டும். அப்போதுதான் கதவு சாத்தியிருப்பதாகக் கார் எடுத்துக்கொள்ளும். வேலை முடிந்து கதவைச் சாத்தும் முன் கொக்கியை விடுவிக்க மறக்கக் கூடாது.

மல்டிமீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, கழற்றிய நெகட்டிவ் கேபிளுக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் நடுவில் மீட்டரை இணைக்க வேண்டும். முதலில் பல ஆம்பியர் காட்டும். கணினிகள் ஒவ்வொன்றாக அடங்க 20 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை பிடிக்கும். அந்தப் பொறுமை இல்லாததால்தான் பல சோதனைகள் தவறான முடிவைத் தருகின்றன. மீட்டர் இணைப்பில் இருக்கும்போது சாவியைத் திருப்பினால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டர் கையில் இருந்தால் எதையும் கழற்றத் தேவையில்லை.

அடங்கிய பிறகும் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் நின்றால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும். எதை எடுக்கும்போது எண் சட்டென்று விழுகிறதோ, அந்த வழியில்தான் கசிவு. ஏர்பேக் ஃபியூஸைத் தொடாமல் விடுவது நல்லது. ஃபியூஸைக் கழற்றாமலே அதன் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளுக்கு இடையே மில்லி வோல்ட் அளப்பது இன்னும் நுட்பமான வழி. மின்சாரம் ஓடும் ஃபியூஸில் சிறு வோல்ட் காட்டும், ஓடாததில் சுழியம். அடங்கிய கணினியை இந்த முறை எழுப்புவதில்லை.

டிக்கி விளக்கையும் டேஷ்போர்டு பெட்டியின் விளக்கையும், உள்ளே கைப்பேசியை வீடியோ எடுக்கவிட்டு மூடிப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். ஒட்டிக்கொண்ட ரிலே தொட்டால் சூடாக இருக்கும். ஆல்டர்னேட்டரின் டையோடு கெட்டிருந்தால், உள்ளிருக்கும் எந்த ஃபியூஸை எடுத்தாலும் இழுப்பு குறையாது. பேட்டரியைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டரின் பெரிய கேபிளைப் பிரித்துச் சோதிக்க வேண்டும்.

பின்னால் சேர்த்தவை

இவற்றையெல்லாம்விட முதலில் சந்தேகிக்க வேண்டியது, கார் வாங்கிய பிறகு கடையில் மாட்டியவற்றை. மியூசிக் சிஸ்டம், ஆம்ப்ளிஃபயர், டேஷ்கேம், ரிவர்ஸ் கேமரா, ஜி.பி.எஸ். கருவி, காலடி எல்.இ.டி. விளக்கு என ஒவ்வொன்றுக்கும் எங்கிருந்தாவது மின்சாரம் எடுத்தாக வேண்டும். காரில் இரண்டு வகை இணைப்பு உண்டு: சாவி திருப்பினால் மட்டும் வருவது ஒன்று, எப்போதும் இருப்பது மற்றொன்று. மியூசிக் சிஸ்டத்தில் வழக்கமாக மஞ்சள் ஒயர் நினைவகத்துக்கு, சிவப்பு ஒயர் சாவி வழி இயங்குவதற்கு. அவசரத்தில் இரண்டையும் சேர்த்து எப்போதும் மின்சாரம் உள்ள ஒயரில் முறுக்கிவிட்டால் கார் பூட்டிய பிறகும் அது விழித்தே இருக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே, பழுது கண்டறியும் கருவியைச் செருகுவதற்காக உள்ள ஓ.பி.டி. துளையிலும் எப்போதும் மின்சாரம் உண்டு; அதில் செருகிவிட்டு மறந்த கருவியும் இழுக்கும். பார்க்கிங் மோடு உள்ள டேஷ்கேமுக்கு, வோல்ட் குறைந்ததும் தானே அணையும் அமைப்பு இல்லாவிட்டால் பேட்டரி தப்பாது.

பேட்டரி இறங்குவதைவிட அதிகம் கவலைப்பட வேண்டியது ஃபியூஸ் இல்லாத ஒயரைப் பற்றி. பேட்டரி முனையிலிருந்து நேராக இழுத்த மெல்லிய ஒயர், இன்ஜின் அறையின் தகட்டுத் துளை வழியே வண்டிக்குள் வருகிறது. ரப்பர் வளையம் இல்லாத துளையின் விளிம்பில், வண்டியின் அதிர்வில், மேலுறை தேய்ந்துகொண்டே போகும். செம்பு தகட்டைத் தொட்ட கணத்தில் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். தடுக்க ஃபியூஸ் இல்லையென்றால் ஒயரே பழுத்துச் சிவந்து, பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக்கும் கம்பளமும் பற்றிக்கொள்ளும். முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்பும் ஆபத்தே. சூட்டில் பசை இளகி டேப் அவிழ்ந்துவிடும். விளக்கமில்லாமல் இறங்கும் பேட்டரி, இப்படிப்பட்ட ஒயரிங் வண்டிக்குள் இருப்பதற்கு முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். அதைப் புது பேட்டரி போட்டு மறைப்பது ஆபத்தைத் தள்ளிப்போடுவதாகும்.

ஆகவே பின்னால் சேர்த்த ஒவ்வொரு ஒயருக்கும் பேட்டரி முனையை ஒட்டியே தகுந்த ஃபியூஸ் வேண்டும். இணைப்புகள் சால்டர் அல்லது கிரிம்ப் செய்யப்பட்டு, ஹீட்-ஷ்ரிங்க் உறைக்குள் இருக்க வேண்டும். துளைகளில் ரப்பர் வளையம் வேண்டும். கசிவை அடைத்த பிறகு பேட்டரியை சார்ஜரில் முழுதாக ஏற்ற வேண்டும். தெருவைச் சுற்றி வருவது போதாது. வாரக்கணக்கில் நிற்கப்போகும் காரில் நெகட்டிவ் முனையைக் கழற்றி வைக்கலாம். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில்.

பேட்டரி மாற்றச் சொல்பவரிடம் கேட்க வேண்டியது, “நிற்கும்போது எத்தனை மில்லி ஆம்பியர் இழுக்கிறது?” என்பதை. புதிதாக எதையும் மாட்டித் தருபவரிடம் கேட்க வேண்டியது, “இதற்கு ஃபியூஸ் எங்கே?” என்பதை. இரண்டுக்கும் பதில் கிடைக்கும்வரை பணம் கொடுக்க வேண்டியதில்லை.