பதினான்கு வயதில் முதல் கண்ணாடி

பள்ளிக் கண் பரிசோதனை முகாமில் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சார்ட்டைப் படிக்கச் சொல்வார்கள். வலது கண் கடைசி வரி வரை இறங்கிவிடும். இடது கண் மேலே இருக்கும் பெரிய எழுத்துகளையே தாண்டாது. இத்தனை வருடமும் நல்ல கண்ணே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டதால், அந்தப் பிள்ளைக்கே அன்றைக்குத்தான் விஷயம் தெரியவரும். அந்த இடது கண்ணுக்கு ஒரே ஒரு எழுத்தைத் தனியாகக் காட்டினால் படித்துவிடும். அதே அளவு எழுத்தை ஒரு வரிசைக்கு நடுவில் வைத்தால், பக்கத்து எழுத்துகளோடு சேர்ந்து குழம்பிப்போகும். இதுதான் சோம்பேறிக் கண்.

சின்ன வயதில் இரண்டு கண்களின் பவர் வெகுவாக வேறுபட்டாலோ, மாறுகண் இருந்தாலோ, ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு படங்கள் மூளைக்கு வந்து சேர்கின்றன. மூளை ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்குகிறது. நரம்பு இணைப்புகள் உருவாகும் வயதில் இது தொடர்ந்தால், பின்னால் சரியான கண்ணாடி போட்டாலும் உடனே பார்வை தெளிவதில்லை.

1960களில் டேவிட் ஹியூபெலும் டார்ஸ்டன் வீசலும் பூனைக்குட்டிகளின் ஒரு கண் இமையைத் தைத்து மூடி வைத்தார்கள். சில வாரங்கள் கழித்துத் திறந்தபோது, பார்வைக்கான மூளைப் பகுதியில் அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்லும் செல்கள் மிகச் சிலவே இருந்தன. வளர்ந்த பூனைகளில் இந்தப் பாதிப்பு ஏற்படவில்லை. 1981இல் அவர்கள் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். “ஏழெட்டு வயதுக்கு மேல் சிகிச்சை பலிக்காது” என்ற நம்பிக்கைக்கு இந்த ஆய்வு பெரிய துணையானது. அதைக் கேட்டுவிட்டு வீடு திரும்பிய குடும்பங்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. பார்வை கெடக்கூடிய வயதும் அது திரும்பக்கூடிய வயதும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

அமெரிக்காவில் 49 மையங்களில், 7 முதல் 17 வயது வரையிலான 507 பேரிடம் இதைச் சோதித்தார்கள். முடிவுகள் 2005இல் வெளியாயின. எல்லோருக்கும் சரியான கண்ணாடி கொடுத்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு அதோடு நல்ல கண்ணை மூட தினமும் 2 முதல் 6 மணி நேரம் பேட்ச். அந்த நேரத்தில் கிட்டத்தில் பார்த்துச் செய்யும் வேலைகள். 12 வயது வரையிலானவர்களுக்கு நல்ல கண்ணை மங்கலாக்கும் அட்ரோபின் சொட்டு மருந்தும் உண்டு. சார்ட்டில் இரண்டு வரியாவது கூடுதலாகப் படித்தால்தான் முன்னேற்றம் என்று கணக்கு. 12 வயது வரை, சிகிச்சை பெற்றவர்களில் 53 சதவீதம் பேர் அப்படி முன்னேறினார்கள். கண்ணாடி மட்டும் போட்டவர்களில் 25 சதவீதம்.

13 முதல் 17 வயதில் வந்த எண்கள் முதலில் சோர்வு தரும்: 25, 23. பேட்சால் பயனே இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் அதற்கு முன் எந்தச் சிகிச்சையும் பெறாதவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது 47, 20 என்று வந்தது. இதுவரை யாரும் கவனிக்காமல் விட்ட பிள்ளைக்கே அதிக நம்பிக்கை இருக்கிறது! முகாமில் முதன்முதலாகப் பிடிபடும் பதினான்கு வயதுப் பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரிந்த மிக நல்ல செய்தி இது.

முதலில் கண்ணாடியை மட்டும் சில மாதங்கள் போட்டுப் பார்ப்பது வழக்கம். சிலருக்கு அதுவே போதும். பேட்சைக் கண்ணாடியின் மேல் மாட்டினால் ஓரமாக எட்டிப் பார்த்துவிடுவார்கள். தோலில் ஒட்டுவதே நல்லது. பதின்வயதினர் அதோடு வகுப்புக்குப் போகக் கூசுவார்கள். மாலையில் வீட்டுப்பாடம் எழுதும் நேரத்தில் ஒட்டிக்கொள்ளலாம். எத்தனை மணி நேரம் என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். முன்னேறியவர்களில் பெரும்பாலோருக்கும் பார்வை முழுதாகத் திரும்பவில்லை என்பதையும் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

விபத்திலோ நோயிலோ நல்ல கண்ணை இழந்த சில பெரியவர்களுக்குச் சோம்பேறிக் கண்ணின் பார்வை கூடியிருக்கிறது. அப்படியானால் நல்ல கண்ணைத் தற்காலிகமாக அடக்கி வைத்தால்? நரம்பியல் ஆய்வாளர் மார்க் பேரும் அவருடைய சகாக்களும் பூனைகளிலும் எலிகளிலும் இதைச் செய்தார்கள். பேத்தை மீனில் இருக்கும் நஞ்சைக் கொண்டு நல்ல கண்ணைச் சில நாட்கள் செயலிழக்க வைத்தபோது, உரிய வயது கடந்துவிட்ட விலங்குகளிலும் மற்றக் கண் மீண்டது. நஞ்சின் வேகம் தணிந்த பிறகு நல்ல கண்ணும் பழையபடி வேலை செய்தது. மருத்துவமனைகளுக்கு இது இன்னும் வரவில்லை. அதுவரை பெரும்பாலும் கண்ணாடியும் பேட்சும் சொட்டு மருந்தும்தான்.